சிலிக்கோனுக்குப் பெயர் தந்த ஃபிரெடரிக் கிப்பிங்

டொரண்டோவிலோ லண்டனிலோ கோலாலம்பூரிலோ, தமிழர் வாழும் எந்த நகரிலும் கடைக்குச் சென்று, தலைமுடிக்கான கண்டிஷனர் போத்தல் ஒன்றை எடுத்துப் பின்புறம் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் அச்சிட்ட நீண்ட பட்டியல் ஒன்று காணப்படும். அதில் டைமெதிக்கோன், அமோடைமெதிக்கோன், சைக்ளோபென்டாசிலோக்சேன் ஆகிய பெயர்களில் ஒன்றேனும் இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். சீப்பு சிக்காமல் இறங்குவதற்கும், காய்ந்த கூந்தல் விளக்கொளியில் மின்னுவதற்கும் காரணமாக அமையும் இப்பொருட்கள் யாவும் சிலிக்கோன் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

அந்தக் குடும்பத்துக்குப் பெயர் சூட்டியவர் ஒரு பிரிட்டிஷ் வேதியியல் பேராசிரியர். ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் இத்துறையில் கட்டுரைகள் வெளியிட்ட அவர், அதிலிருந்து உடனடிப் பயன் ஏதும் விளையும் என்று எதிர்பார்க்கவில்லை. அவர் சூட்டிய பெயரும், வேதியியல் நோக்கில் பார்த்தால், பிழையானது. ஆயினும் ஃபிரெடரிக் ஸ்டான்லி கிப்பிங் இல்லாமல் இந்தத் தொழில் எப்போது தொடங்கியிருக்கும் என்று சொல்வது கடினம்.

தமிழில் இவ்விடத்தில் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. மணலிலும் கண்ணாடியிலும் கணினிச் சில்லுகளிலும் உள்ள தனிமம் சிலிக்கன். அந்தத் தனிமத்தின் அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் மாறி மாறிக் கோத்த சங்கிலியில், பக்கவாட்டில் கார்பன் தொகுதிகளைச் சேர்த்து மனிதர் ஆக்கிய பொருள் சிலிக்கோன். செய்தித்தாள்கள் இரண்டையும் சிலிகான் என்ற ஒரே சொல்லால் எழுதிவிடுகின்றன. இக்கட்டுரையில் இவ்விரண்டும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன.

எரிவாயு ஆலையிலிருந்து மூனிக் வரை

கிப்பிங் 1863-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதி மான்செஸ்டரில் பிறந்தார். தந்தை இங்கிலாந்து வங்கியின் அலுவலர். தாய்வழிப் பாட்டனார் சார்ல்ஸ் டுவால் அப்பகுதியில் பெயர்பெற்ற ஓவியர். மான்செஸ்டர் கிராமர் பள்ளியிலும், சிறிது காலம் பிரான்சின் கான் நகரிலும் பயின்ற அவர், பின்னாளில் மான்செஸ்டர் பல்கலைக்கழகமாக வளர்ந்த ஓவன்ஸ் கல்லூரியில் 1879-இல் சேர்ந்தார். 1882-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை வெளிமாணவராகப் பெற்றார்.

அவருக்குக் கிடைத்த முதல் வேலை, மான்செஸ்டர் எரிவாயு நிறுவனத்தில் வேதியியலாளர் பணி. நிலக்கரியைச் சூடாக்கித் தெருவிளக்குகளுக்கு வாயு தயாரித்த காலம் அது. நிலையான சம்பளமுள்ள அந்த வேலையில் சில ஆண்டுகள் இருந்த பின், 1886-இல் அதை உதறிவிட்டு ஜெர்மனிக்குப் புறப்பட்டார். அந்நாளில் கரிம வேதியியலில், அதாவது இலங்கைப் பாடநூல்கள் சேதன இரசாயனவியல் என்று அழைக்கும் துறையில், ஆய்வு செய்ய விரும்பிய பிரிட்டிஷ் இளைஞர்கள் நாடிய இடம் ஜெர்மனியே.

மூனிக்கில் அடோல்ஃப் ஃபான் பையரின் ஆய்வுக்கூடம் அவரை ஏற்றது. அங்கே அவருக்கு வழிகாட்டியவர் தம்மைவிட மூன்றே வயது மூத்த மற்றொரு ஆங்கிலேயர், வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற இளைய பெர்க்கின். மிகச் சிறந்த தகுதியுடன் 1887-இல் முனைவர் பட்டம் பெற்ற கிப்பிங், பெர்க்கினைத் தொடர்ந்து எடின்பரோவின் ஹெரியட்-வாட் கல்லூரிக்குச் சென்றார். ஆசிரியரும் மாணவருமாகத் தொடங்கிய உறவு விரைவில் குடும்ப உறவாயிற்று. ஹாலண்ட் என்ற குடும்பத்தின் சகோதரிகள் மூவரில் மினாவைப் பெர்க்கின் மணந்தார். லில்லியைக் கிப்பிங் 1888-இல் மணந்தார். மூன்றாமவர் கேத்லீனை ஆர்தர் லாப்வொர்த் என்ற இன்னொரு வேதியியலாளர் பின்னர் மணந்தார். மூன்று சகலர்களும் பிரிட்டிஷ் வேதியியலில் முதல்வரிசைப் பெயர்களானது அரிதான ஒரு தற்செயல்.

பெர்க்கினும் கிப்பிங்கும் சேர்ந்து எழுதிய கரிம வேதியியல் பாடநூல் 1894-இல் வெளிவரத் தொடங்கியது. அடுத்த அரை நூற்றாண்டு காலம் ஆங்கிலவழிக் கல்லூரிகளில் அது நிலைத்து நின்றது. பிற்காலப் பதிப்புகளைத் திருத்தியமைக்கும் பணியில், தாமும் வேதியியலாளரான மகன் பாரி, தந்தையுடன் இணைந்துகொண்டார். அன்றைய மாணவர்கள் பலருக்குக் கிப்பிங் என்றால் அந்தப் புத்தகந்தான், சிலிக்கன் அல்ல.

கர்ப்பூரமும் கண்ணாடிப் பிம்பமும்

1890-இல் லண்டனுக்கு வந்து, சிட்டி அண்ட் கில்ட்ஸ் நிறுவனத்தின் மத்தியக் கல்லூரியில் ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கின் கீழ் பணியாற்றிய காலத்தில், கிப்பிங்கின் வாழ்நாள் வினா உருவானது. அதற்கு உதவியது கர்ப்பூரம். கோயில்களில் ஏற்றப்படும் கர்ப்பூரத்தின் மூலக்கூறுக்கு ஓர் இயல்பு உண்டு. வலக்கையும் இடக்கையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருந்தும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாதது போல, கர்ப்பூரமும் இரு வடிவங்களில் இருக்கக்கூடியது. மரத்திலிருந்து பெறப்படும் கர்ப்பூரம் அவற்றுள் ஒன்று மட்டுமே. இத்தகைய பொருளின் கரைசல் வழியே தனி வகையாக ஒழுங்குபடுத்திய ஒளியைச் செலுத்தினால், அந்த ஒளியின் தளம் ஒரு பக்கமாகத் திரும்பும்.

கர்ப்பூரத்திலிருந்து செய்யப்படும் சில வலுவான அமிலங்களைக் கிப்பிங்கும், அவருடன் பணியாற்றிய வில்லியம் ஜாக்சன் போப்பும் உருவாக்கினர். வலதும் இடதும் சரிபாதியாகக் கலந்த வேறு பொருட்களைப் பிரித்தெடுப்பதற்கு அவை நல்ல கருவிகளாயின. வலக்கை உறையைக் கொண்டு வலக்கைகளைப் பொறுக்கி எடுப்பது போன்ற முறை அது.

கார்பன் அணு ஒன்று வெவ்வேறான நான்கு தொகுதிகளைத் தாங்கி நின்றால் இந்த வல-இட வேறுபாடு தோன்றுகிறது என்பது அப்போது நிலைபெற்ற கொள்கை. தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே இருப்பது சிலிக்கன். அதுவும் நான்கு கைகள் உடையது. அப்படியாயின் சிலிக்கனும் கார்பனைப் போல நடந்துகொள்ளுமா என்பதே கிப்பிங் எழுப்பிய வினா. கூந்தலுக்கோ தொழிற்சாலைக்கோ அதில் இடமில்லை.

1897-இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியராக அவர் நியமிக்கப்பட்டார். ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தெரிவானதும் அதே ஆண்டில்தான். அப்போது அவருக்கு வயது 34-ஐ எட்டவில்லை அல்லது எட்டும் தறுவாய். நாட்டிங்காம் கல்லூரி அன்று சொந்தமாகப் பட்டம் வழங்கும் உரிமையற்றது. மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளையே எழுதினர். நாவலாசிரியர் டி. எச். லாரன்ஸ் ஆசிரியர் பயிற்சி பெற்றதும் அக்கல்லூரியில்தான், கிப்பிங் அங்கிருந்த காலத்தில்தான். 1936-இல் ஓய்வு பெறும்வரை, 39 ஆண்டுகள், கிப்பிங் வேறெங்கும் செல்லவில்லை.

வேண்டாத பசை

சிலிக்கனைக் கார்பனுடன் பிணைத்த முதல் சேர்மத்தை சார்ல்ஸ் ஃப்ரீடலும் ஜேம்ஸ் கிராஃப்ட்ஸும் 1863-இல், அதாவது கிப்பிங் பிறந்த அதே ஆண்டில், பாரிசில் தயாரித்திருந்தனர். ஆனால் அவர்கள் பயன்படுத்திய துத்தநாகச் சேர்மம் காற்றுப் பட்டாலே தீப்பற்றுவது. அதை வைத்துக்கொண்டு விரிவான ஆய்வு செய்வது இயலாத காரியம். 1899-இல் சிலிக்கன் ஆய்வைத் தொடங்கிய கிப்பிங்குக்கு விரைவிலேயே நல்வாய்ப்பு ஒன்று வந்தது. பிரான்சின் விக்டர் கிரிஞார், ஈதரில் மக்னீசியத்தைக் கொண்டு எளிதில் தயாரிக்கத்தக்க ஒரு வினைபொருளை 1900-இல் அறிவித்தார். அதைச் சிலிக்கன் டெட்ராகுளோரைடுடன் வினைபுரியச் செய்து, விரும்பிய கார்பன் தொகுதிகளை ஒவ்வொன்றாகச் சிலிக்கன் அணுவில் ஏற்றலாம் என்று 1904-இல் கிப்பிங் காட்டினார். ஜெர்மனியில் டில்தே என்பவரும் அதே ஆண்டு அதே வழியைக் கண்டார். சிலிக்கன் வேதியியலின் கதவு உண்மையில் திறந்தது அப்போதுதான்.

தேடிய விடை 1907-இல் கிடைத்தது. சிலிக்கன் அணுவையே மையமாகக் கொண்டு வல-இட வேறுபாடு காட்டும் சேர்மம் ஒன்றை அவர் தயாரித்து, இரு கூறுகளாகப் பிரித்தும் காட்டினார். சிலிக்கனும் கார்பனைப் போலவே நான்கு திசைகளில் கைநீட்டி நிற்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. தம் வாழ்நாளின் சிறந்த பணி எது என்று கேட்டிருந்தால், கிப்பிங் இதைத்தான் சுட்டியிருப்பார் என்று கருத இடமுண்டு. 1918-இல் ராயல் சொசைட்டி அவருக்கு டேவி பதக்கம் வழங்கியது.

ஆனால் இந்த ஆய்வின் ஓரத்தில் வேறொன்று ஓயாமல் தொல்லை தந்துகொண்டிருந்தது.

கரிம வேதியியலில் கீட்டோன் என்று ஒரு வகை உண்டு. ஒரு கார்பன் அணு, ஓர் ஆக்சிஜன் அணுவை இரு கைகளாலும் பற்றியிருக்க, எஞ்சிய இரு கைகளில் இரு கார்பன் தொகுதிகள் இருக்கும். நகப்பூச்சை அகற்றும் அசிட்டோன் இவ்வகையினது. கார்பன் இருந்த இடத்தில் சிலிக்கனை வைத்தால் அதற்கு ஒப்பான சேர்மம் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்த்த கிப்பிங், 1901-வாக்கில் அதற்குச் சிலிக்கோகீட்டோன் என்றும், சுருக்கமாகச் சிலிக்கோன் என்றும் பெயரிட்டார். விகிதக் கணக்கில் பார்த்தால் வாய்பாடு சரியாகவே இருந்தது. ஒரு சிலிக்கனுக்கு ஓர் ஆக்சிஜன், இரு தொகுதிகள்.

இயல்புதான் ஒத்துப்போகவில்லை. கீட்டோன்கள் தூய நீர்மங்களாகவோ அழகிய படிகங்களாகவோ அமைபவை. காய்ச்சி வடிக்கலாம், உருகுநிலை அளக்கலாம். கிப்பிங்கின் குடுவைகளிலோ பெரும்பாலும் எஞ்சியவை எண்ணெய்களும் பிசின்களும் பசைகளும். படிகமாகாமலும் வடிக்க முடியாமலும் கண்ணாடிக் கலங்களில் ஒட்டிக்கொண்ட அவை, மூலக்கூறின் அமைப்பைத் துல்லியமாக அறிய விரும்பிய ஒருவருக்கு இடைஞ்சலாகவே பட்டன.

காரணம் எளிது. கார்பன் அணு ஆக்சிஜனை இரு கைகளாலும் பற்றி நிம்மதியாக இருக்கும். சிலிக்கனுக்கு அது பிடிப்பதில்லை. ஒரு கையால் ஓர் ஆக்சிஜனையும், மறுகையால் இன்னோர் ஆக்சிஜனையும் பற்றிக்கொள்ளும். அந்த ஆக்சிஜன்கள் அடுத்தடுத்த சிலிக்கன்களைப் பற்றும். இவ்வாறு கைகோத்துச் செல்லும் சங்கிலி நீண்டால் எண்ணெயாகும். மேலும் நீண்டால் கோந்தாகும். தலையும் வாலும் இணைந்தால் வளையமாகும். கிப்பிங்குக்கு இது தெரியாமலில்லை. தம் பொருட்கள் ஒற்றை மூலக்கூறுகள் அல்ல, பல அலகுகள் இணைந்தவை என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். மூன்று அலகுகளும் நான்கு அலகுகளும் கொண்ட வளையச் சேர்மங்களைப் படிகங்களாகப் பிரித்தெடுத்தும் காட்டினார். அந்த நான்கலகு வளையத்தின் நெருங்கிய உறவினம் ஒன்று இக்கட்டுரையில் பின்னர் வரும்.

ஆகவே சிலிக்கோன் என்ற சொல் கீட்டோன் அல்லாத ஒன்றுக்குக் கீட்டோன் என்று இட்ட பெயர். வேதியியலாளர்கள் இன்று சிலோக்சேன் என்ற சரியான சொல்லையே விரும்புகின்றனர். ஆயினும் வணிகமும் வழக்கும் பழைய பெயரை விடவில்லை. கண்டிஷனர் போத்தலில் க்கோன் என முடியும் ஒவ்வொரு பெயரும், நாட்டிங்காமில் நிறைவேறாமல் போன ஓர் எதிர்பார்ப்பின் சுவடு.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு தவிர்க்க இயலாதது. கிப்பிங்கின் சகலரான பெர்க்கினுடைய தந்தை, அதே பெயருடைய மூத்த பெர்க்கின், 1856-இல், தம் 18-ஆம் வயதில், மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்று, குடுவையின் அடியில் ஒரு கரிய அழுக்கைக் கண்டவர். அதைக் கழுவ முற்பட்டபோது எழுந்த ஊதா நிறம் அவரைச் செல்வந்தராக்கியது. செயற்கைச் சாயத் தொழிலையே தொடங்கி வைத்தது. அக்குடும்பத்துடன் இத்தனை நெருக்கமாயிருந்த கிப்பிங், குடுவையின் அடியில் தங்குவது எதுவாயினும் ஒருமுறை உற்றுநோக்கத்தக்கது என்ற பாடத்தை அறியாதவராக இருந்திருக்க முடியாது. ஆயினும் அவர் தேடியது வேறு. மூத்த பெர்க்கின் கண்ட நிறம் கண்ணில் பட்டதுமே பயனைச் சொன்னது. கிப்பிங் கண்ட பசையின் சிறப்புகளோ, சூட்டில் கெடாமை, நீரை ஒட்டவிடாமை, மின்சாரத்தைக் கடத்தாமை என, பயன்படுத்திப் பார்த்தாலன்றிப் புலப்படாதவை. அவற்றுக்கான தேவையும் அன்று எழுந்திருக்கவில்லை. ஆகவே அவரைக் கண்பார்வை குறைந்தவர் என்று சொல்லுவது, சில நூல்கள் அவ்வாறு எழுதியபோதிலும், நியாயமாகப்படவில்லை.

மருந்துக்கடைக்காரர் தந்த நாற்காலி

நகரின் நடுவே இடநெருக்கடியில் இருந்த நாட்டிங்காம் கல்லூரி, 1928-இல் ஊருக்கு வெளியே ஏரியுடன் கூடிய பரந்த வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. நிலத்தையும் பெரும் பொருளையும் அளித்தவர் ஜெஸ்ஸி பூட். பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கு அறிமுகமே தேவையில்லாத பூட்ஸ் மருந்துக்கடைகளை வளர்த்தெடுத்தவர். அவர் பெயரால் நிறுவப்பட்ட வேதியியல் பேராசிரியர் பதவியை முதலில் வகித்தவர் கிப்பிங். இன்று அதே கடைகளின் அடுக்குகளில் சிலிக்கோன் கலந்த ஷாம்பூக்களும் சீரங்களும் வரிசையாக நிற்கின்றன. கொடையாளருக்கோ பேராசிரியருக்கோ அன்று இது கனவிலும் தோன்றியிருக்காது.

ஓய்வு பெற்ற 1936-ஆம் ஆண்டில், ராயல் சொசைட்டியின் மதிப்புமிக்க பேக்கேரியன் சொற்பொழிவை ஆற்றும் பெருமை அவருக்குக் கிட்டியது. வயது அப்போது 72-ஐக் கடந்திருந்தது. முப்பத்தேழு ஆண்டு உழைப்பைத் தொகுத்துரைத்த அவர், சிலிக்கனின் கரிமச் சேர்மங்கள் கார்பன் சேர்மங்களுக்கு ஒப்பானவை என்று தொடக்கத்தில் எண்ணியது பெரிதும் தவறு என்றும், அறியப்பட்ட வகைகள் மிகச் சில என்றும், இந்தத் துறையில் உடனடியாக முக்கியமான முன்னேற்றம் ஏதும் ஏற்படும் என்று நம்புவதற்கில்லை என்றும் முடித்தார்.

அறிவியல் வரலாற்றில் இத்தனை விரைவாகப் பொய்த்த கணிப்புகள் அதிகமில்லை.

அட்லாண்டிக்கின் மறுகரையில்

அவர் பேசிய வேளையில் அமெரிக்காவின் கோர்னிங் கண்ணாடி நிறுவனத்தில் ஜேம்ஸ் ஃபிராங்ளின் ஹைட் என்ற வேதியியலாளர், கண்ணாடியின் உறுதியையும் பிளாஸ்டிக்கின் நெகிழ்வையும் ஒருங்கே கொண்ட பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடி இழையால் நெய்த நாடாவை மின்கம்பிகளுக்குக் காப்பாகச் சுற்ற வேண்டுமானால், சூட்டில் கருகாத பிசின் ஒன்று வேண்டியிருந்தது. அத்தேடலில் ஹைட் சென்றடைந்தது கிப்பிங்கின் கட்டுரைகளை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் யூஜீன் ரோக்கோவும் அதே பாதையில் வந்தார். கிப்பிங் பெரும்பாலும் பீனைல், எத்தில் போன்ற பருத்த தொகுதிகளைக் கையாண்டிருக்க, ரோக்கோ மிகச் சிறிய மெத்தில் தொகுதியைத் தேர்ந்தார். 1940-ஆம் ஆண்டு மே மாதம், செம்பு ஊக்கியுடன் சேர்த்த சிலிக்கன் தூளை ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, அதன்மீது மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்தி, சிலிக்கோனின் மூலப்பொருளை நேரடியாகப் பெற்றார். ஈதரும் கிரிஞார் வினைபொருளும் தேவையற்றுப் போயின. உலகின் சிலிக்கோன் உற்பத்தி இன்றும் இந்த முறையையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது.

போர் மற்றதைச் செய்து முடித்தது. மிக உயரத்தில் பறந்த விமானங்களின் எஞ்சின் மின்பொறி அமைப்பில் ஈரமும் மின்கசிவும் புகாமல் தடுக்கச் சிலிக்கோன் களிம்பு ஒன்று தேவைப்பட்டது. டவ் நிறுவனமும் கோர்னிங்கும் கூட்டாக 1943-இல் டவ் கோர்னிங்கைத் தோற்றுவித்தன. கணிப்புக் கூறி ஏழாண்டுகள் முடிவதற்குள், அந்தப் பசைக்கென்றே ஒரு நிறுவனம் உருவாகிவிட்டது.

கிப்பிங் அப்போது உயிருடன் இருந்தார்; 1944 வரை கட்டுரைகளும் வெளியிட்டார். சிலிக்கன் பற்றிய அவரது வரிசைக் கட்டுரைகள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை. கிடைத்த விளைபொருள் கவர்ச்சியற்றதாயினும் அதை மறைக்காமல், எந்தச் சூட்டில் எதை எவ்வளவு சேர்த்தால் எது உண்டாகிறது என்று பொறுமையாக எழுதி வைத்தவர் அவர். அவரது நம்பிக்கையின்மை எவரையும் தடுக்கவில்லை. அவரது பதிவுகள் பலருக்கு வழியாயின. வேல்ஸின் கடலோர ஊரான கிரிக்கியத்தில் 1949 மே 1-ஆம் தேதி, 85-ஆம் வயதில், அவர் காலமானார். அமெரிக்க வேதியியல் சங்கம் சிலிக்கன் ஆய்வுக்காக வழங்கும் விருது, 1960களிலிருந்து அவர் பெயரைத் தாங்குகிறது.

கூந்தலுக்கு வந்த வழி

சிலிக்கோன்கள் அழகுசாதனப் பொருட்களுக்குள் 1950களில் நுழைந்தன. தலைமுடிக்கு அவை பொருந்திப் போனதற்குக் காரணம், கிப்பிங்கைத் தொல்லைப்படுத்திய அதே குணங்கள்: படிகமாகாமை, எங்கும் பரவி ஒட்டிக்கொள்ளுதல்.

முடியின் வெளிப்புறம் ஓட்டுக்கூரை போன்றது. செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இயற்கையில் அதன் மேல் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. சாயமேற்றுதல், வெளிறச் செய்தல், சூடான இரும்பால் நேராக்குதல், கடும் வெயில் ஆகியவற்றால் அப்படலம் அழிந்து, செதில்களின் விளிம்புகள் தூக்கி நிற்கின்றன; இழைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. டைமெதிக்கோன் எனப்படும் மெத்தில் சிலிக்கோனின் சங்கிலி மிக இலகுவாக வளையக்கூடியது. அதன் பரப்பிழுவிசை மிகக் குறைவு. தண்ணீரினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே எண்ணெய்களைவிடவும் மெல்லிதாக விரிந்து செதில்களின் மீது படிகிறது. உரசல் குறைகிறது, சிக்கு விலகுகிறது, மேடுபள்ளமற்ற பரப்பில் ஒளி சிதறாமல் திரும்புவதால் மினுமினுப்புத் தோன்றுகிறது.

அமோடைமெதிக்கோன் இன்னும் ஒரு படி நுட்பமானது. சிதைந்த முடியின் பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது. நைட்ரஜன் தொகுதிகள் சேர்த்த இந்தச் சிலிக்கோனோ நேர் மின்னூட்டம் பெறக்கூடியது. எனவே எங்கே சிதைவு அதிகமோ அங்கே அது அதிகமாகப் படிகிறது. சைக்ளோபென்டாசிலோக்சேன் வேறு வகை. அது ஐந்து அலகுகளாலான வளையம். முடியில் பிற பொருட்களைப் பரப்பிவிட்டு ஆவியாகிவிடும். சீரம் தடவிய கூந்தல் பிசுபிசுக்காதிருப்பது இதனால்தான்.

ஷாம்பூவும் கண்டிஷனரும் ஒரே போத்தலில் என்ற விளம்பரத்துடன் 1980களின் பிற்பகுதியில் வந்த பொருட்கள், முரண்பாடொன்றைத் தீர்க்க வேண்டியிருந்தது. எண்ணெய்ப்பசையைக் கழுவி அகற்றும் திரவமே, எண்ணெய்ப்பசையான ஒன்றை முடியில் விட்டுச் செல்ல வேண்டும். சிலிக்கோனை நுண்துளிகளாக மிதக்க வைத்து, நேர் மின்னூட்டமுள்ள பல்லுறுப்பி ஒன்றைச் சேர்ப்பதே கண்ட தீர்வு. தண்ணீர் ஊற்றி அலசும்போது கலவை நீர்த்துப்போகிறது. அப்போது அந்தப் பல்லுறுப்பி நுரைப்பொருளுடன் சேர்ந்து பிரிந்து, சிலிக்கோன் துளிகளையும் அழைத்துக்கொண்டு முடியில் படிகிறது. இதற்குப் பயன்படும் பல்லுறுப்பிகளுள் ஒன்று குவார் பிசினிலிருந்து செய்யப்படுவது. குவார் என்பது நாம் பொரியல் செய்யும் கொத்தவரங்காயே. அதன் விதைக்காக ராஜஸ்தானில் பெருமளவு பயிரிடப்படுகிறது.

சிலிக்கோன் முடியை மூச்சுத் திணற வைக்கிறது என்ற பேச்சு அடிக்கடி கேட்கிறது. தோலுக்கு வெளியே நீளும் முடி உயிரற்ற இழை, அதற்கு மூச்சில்லை. ஆனால் நீரில் கரையாத கனமான சிலிக்கோன்கள், மென்மையான ஷாம்பூவால் முழுதும் நீங்காமல் அலை அலையாகச் சேர்ந்து, மெல்லிய முடியைத் தொய்யச் செய்வதும் சுருள்முடியின் சுருளைக் கெடுப்பதும் உண்மை. அவ்வப்போது வலுவான ஷாம்பூவால் கழுவினால் அது நீங்கும். நம் பாட்டிமார் தடவிய தேங்காயெண்ணெயுடன் ஒப்பிட்டால், இரண்டும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியது. சிலிக்கோன் உள்ளே செல்வதில்லை. வெளியே நின்று காப்பதே அதன் பணி. சிதைந்த முடியைச் சரிசெய்கிறது என்ற விளம்பரச் சொல்லை இந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மீண்டும் வளையங்கள்

சூட்டில் கெடாத, நீரில் கரையாத, எதனுடனும் எளிதில் வினைபுரியாத பொருள், குளியலறையிலிருந்து வெளியேறிய பின் எங்கே செல்கிறது என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது. கவலைக்கு இலக்கானவை நீள் சங்கிலிகளைவிடச் சிறு வளையங்களே. அவற்றுள் டி4 எனப்படுவது நான்கு சிலிக்கன்கள் கொண்ட மெத்தில் வளையம். கிப்பிங் படிகமாக்கிய நான்கலகு வளையத்தின் சகோதரம். டி5 என்பது மேலே கண்ட சைக்ளோபென்டாசிலோக்சேன். இவை நீர்நிலைகளின் படிவுகளில் நெடுங்காலம் சிதையாமல் தங்கி, உயிரினங்களின் உடலில் சேரக்கூடியவை என்பது ஐரோப்பிய அதிகாரிகளின் மதிப்பீடு. 2018-இல் டி4, டி5, டி6 ஆகிய மூன்றும் அங்கே மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. டி5 கனடாவின் சுற்றுச்சூழலுக்கு ஆபத்தானதா என்று ஆராய அமைக்கப்பட்ட மறுஆய்வுக் குழு, ஆபத்தில்லை என்று 2011-இல் முடிவு கூறியது. கண்டங்களுக்கு இடையிலான இந்த வேறுபாடு அறிவியலைப் பற்றியது என்பதைவிட, நிரூபணம் முழுமையாகும்வரை காத்திருப்பதா, முன்கூட்டியே தடுப்பதா என்ற கொள்கையைப் பற்றியது என்றே தோன்றுகிறது. மூளையில்லாத வளையம் ஒன்று ஆவியாகிப் பறந்துவிடுவதால் நீரில் சேர்வது குறைவு என்ற தொழில்துறையின் வாதமும், கழுவி ஊற்றப்படும் பொருட்களிலிருந்து அது நேரே சாக்கடைக்குள் செல்கிறது என்ற எதிர்வாதமும் இன்றும் முடிந்துவிடவில்லை.

கழுவி அகற்றும் அழகுசாதனங்களில் டி4, டி5 வளையங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற முன்மொழிவை 2015-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வைத்தது, கிப்பிங்கின் தாயகமான பிரிட்டனே. அதன்படி 2020 ஜனவரி 31 முதல் ஷாம்பூ, கண்டிஷனர் போன்றவற்றில் இவை ஒவ்வொன்றும் எடையில் 0.1 சதவீதத்தை எட்டக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகியதும் அதே நாளில்தான். 2024-இல் ஒன்றியம் இக்கட்டுப்பாட்டை டி6-க்கும், முடியிலேயே விட்டுவிடும் சீரம் போன்ற பொருட்களுக்கும் விரிவாக்கியது. சீரங்களுக்கும் பிற அழகுசாதனங்களுக்கும் 2027 ஜூன் 6-ஆம் தேதி வரை அவகாசம் தரப்பட்டுள்ளது. பிரிட்டன் முன்பே விலகிவிட்டதால், இந்தப் புதிய விரிவாக்கம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளுக்குத் தானாகப் பொருந்துவதில்லை.

டைமெதிக்கோனும் அமோடைமெதிக்கோனும் நீள் சங்கிலிகளாதலால் இந்த விதிக்குள் வரவில்லை. அவற்றைத் தயாரிக்கும்போது எச்சமாகத் தங்கும் வளையங்களின் அளவே கணக்கில் கொள்ளப்படுகிறது.